முப்பத்தைந்தாயிரம் கொடுக்கலாமா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று நாவலூரிலிருந்து. தன் பெயரையும் குடியிருப்பின் பெயரையும் போட வேண்டாம் என்று வாசகி கேட்டிருந்தார், போடவில்லை. கணவருக்கு வேலை போய்விட்டது. வீட்டுக் கடனில் இரண்டு தவணை நின்றுவிட்டது. இந்த நேரம் பார்த்து ஒருவர் போனில் பிடித்து, வங்கியில் பேசி இஎம்ஐயைப் பாதியாகக் குறைத்துத் தருவதாகவும், முன்பணம் 35,000 ரூபாய், காரியம் முடிந்ததும் இன்னொரு தொகை என்றும் சொல்லியிருக்கிறார். “கையில் இருப்பதே ஒரு லட்சத்துச் சொச்சம். கொடுக்கலாமா, வேண்டாமா? ஒரே வரியில் பதில் சொல்லுங்கள்” என்று முடித்திருந்தார்.

ஒரே வரியில் என்றால், இப்போதைக்கு வேண்டாம். ஆனால் அப்படி வெட்டிச் சொல்லிவிட்டுப் போனால் அவருக்கு ஒன்றும் பயனில்லை. எதற்குக் கொடுக்க வேண்டாம், எந்தக் கட்டத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதே கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பவர்கள் நாவலூர் வழியே போகும் சாலை நெடுக இருப்பார்கள் என்பதால், இந்தப் பக்கத்தை இம்முறை இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

சோழிங்கநல்லூரைத் தாண்டித் தெற்கே போனால் செம்மஞ்சேரி, நாவலூர், ஏகாட்டூர், பிறகு சிறுசேரி சிப்காட். ராஜீவ் காந்தி சாலை என்பது பெயர்ப்பலகைக்கு, பேச்சில் ஓஎம்ஆர்தான். வேலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே இங்கே வீடு வாங்கியவர்கள் ஏராளம். கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் கூட்டி, வங்கி எவ்வளவு தருமோ அவ்வளவையும் வாங்கி, இருவரும் கையெழுத்துப் போட்ட கூட்டுக் கடன். வேலையும் வீடும் ஒரே சாலையில் இருப்பதில் வசதி உண்டு. வேலை போனால் லிஃப்டில் எதிர்ப்படுகிறவருக்கும் அதே வாரம் தெரிந்துவிடும் என்ற சங்கடமும் உண்டு. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறக்குறைய 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. உலகம் முழுவதற்குமான கணக்கு அது என்றாலும், அந்த நிறுவனத்தின் பெரிய வளாகம் சிறுசேரியில் இருக்கிறது. ஓஎம்ஆர் அடுக்ககங்களில் அதை யாரோ எவரோ பற்றிய செய்தியாகப் படித்திருக்க முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘இஎம்ஐ குறைப்பு’ என்று ஒரே பெயரில் விற்கப்படுவதற்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. நமக்கு எது வேண்டும் என்று தெரியாமல் காசு கொடுத்தால், இலவசமாகக் கிடைப்பதற்கும் கொடுப்போம், கிடைக்கவே கிடைக்காததற்கும் கொடுப்போம்.

வட்டியை இன்றைய நிலவரத்துக்குக் கொண்டுவருவது அதில் ஒன்று. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. பெரும்பாலான வங்கிகள், ரிசர்வ் வங்கி தங்களுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தைப் பிடித்துக்கொண்டன. அதற்கு முன் கடன் வாங்கியவர்கள் எம்சிஎல்ஆர், அதற்கும் முந்தைய பேஸ் ரேட் என்று பழைய கணக்கிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். 2025ஆம் ஆண்டில் மட்டும் ரெப்போ 6.50 சதவீதத்திலிருந்து 5.25க்கு இறங்கியது. அந்த இறக்கம் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்ததா என்று ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். சேரவில்லை என்றால், ரெப்போ கணக்குக்கு மாற்றச் சொல்லி ஒரு விண்ணப்பம், வங்கி கேட்கும் சிறு கட்டணம், அவ்வளவுதான். ரெப்போவுக்கு மேல் வங்கி தனக்கென்று வைக்கும் ‘ஸ்பிரெட்’டையும், மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்ற பழைய கட்டுப்பாட்டுக்குக் காத்திருக்காமல் வாடிக்கையாளருக்குச் சாதகமாகக் குறைத்துக்கொள்ள 2025 அக்டோபரிலிருந்து வங்கிகளுக்கு அனுமதி இருக்கிறது. அனுமதிதான், கட்டாயம் இல்லை. அதனால் கேட்கிறவருக்குத்தான் கிடைக்கும். வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் வாங்கியவர்களுக்கு இந்த ரெப்போ விதி பொருந்தாது. அங்கே அவர்களே வைத்துக்கொள்ளும் அளவுகோல்தான். ஆனாலும் கட்டணம் கட்டிக் குறைந்த வட்டிக்கு மாறும் வழி உண்டா என்று அங்கும் கேட்கலாம். இதில் வெளியாள் ஒருவர் நுழைந்து செய்ய எதுவும் இல்லை.

இன்னொன்று, தவணைக் காலத்தை நீட்டுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலருக்குத் தெரியாமலே இது அவர்கள் கணக்கில் நடந்திருக்கிறது. 2021இல் 6.70 சதவீத வட்டியில், 20 வருடத்துக்கு, 50 லட்சம் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 37,870 ரூபாய் தவணை. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4லிருந்து 6.50க்கு ஏறிவிட்டது. அவருடைய வட்டி 9.20 ஆகிறது. அப்போது அசல் பாக்கி 48 லட்சம் என்று கொண்டால், அந்த மாத வட்டி மட்டுமே 36,800. கட்டுகிற 37,870இல் அசலுக்குப் போவது 1,070 ரூபாய். தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால் அந்தக் கடன் அடைய ஏறக்குறைய 39 வருடம் ஆகும். நாற்பது வயதுக்காரர் எழுபத்தொன்பது வரை கட்ட வேண்டும்.

இந்தக் கூத்துக்காகத்தான் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். எந்த நிலையிலும் கட்டுகிற தவணை வட்டிக்கே போதாமல் அசல் வளரும்படி காலத்தை நீட்டக் கூடாது. இதுவரை வசூலான அசல், வட்டி, மீதித் தவணைகள் எத்தனை, வருட வட்டி என்ன என்ற கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிடைக்க வேண்டும். வட்டி ஏறியதால் நடக்கும் இந்தக் கால நீட்டிப்பை வங்கிகள் தாங்களாகவே பரவலாகச் செய்கின்றன. இதற்கும் தரகர் தேவையில்லை. சொல்லப்போனால், வட்டி இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் ‘என் மீதித் தவணைகளைக் குறையுங்கள்’ என்று கேட்க வேண்டியவர்கள்தான் அதிகம்.

மூன்றாவதுதான் கஷ்டம். வேலை போனது, உடம்புக்கு முடியவில்லை, தொழில் படுத்துவிட்டது என்ற காரணத்துக்காகக் கடனின் நிபந்தனைகளையே மாற்றுவது. கடன் மறுசீரமைப்பு என்று வங்கிக்காரர்கள் சொல்வது இதைத்தான். சாதாரண காலத்தில் வங்கிகள் இதற்குத் தயங்கும். அதிகாரி கல்நெஞ்சக்காரர் என்பதனால் மட்டும் அல்ல. நெருக்கடியில் இருக்கும் ஒருவருக்குச் சலுகை காட்டி நிபந்தனையை மாற்றினால், அதுவரை ஒழுங்காக இருந்த கணக்கைக்கூட வாராக்கடனாக வகைப்படுத்த வேண்டும் என்பது பொதுவிதி. அப்படி ஆனால் வங்கி தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். மேலிடத்துக்கு விளக்கமும் சொல்ல வேண்டும்.

கொரோனா காலத்தில் இந்த விதிக்கு விலக்கு கிடைத்தது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டாமலிருக்க அவகாசம். அதன்பின் 2020 ஆகஸ்ட் 6 அன்று ஒரு திட்டம், 2021 மே 5 அன்று இரண்டாவது திட்டம். இரண்டு வருடம் வரை அவகாசமோ கால நீட்டிப்போ தரலாம், கணக்கு வாராக்கடன் ஆகாது. ஆனால் முதல் திட்டத்தில் 2020 டிசம்பர் 31க்குள்ளும், இரண்டாவதில் 2021 செப்டம்பர் 30க்குள்ளும் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கதவுகள் மூடி வருடக்கணக்காகிறது. இன்றைக்கும் யாராவது “ஆர்பிஐ ஸ்கீம் இருக்கு மேடம், நாங்க அதுல போட்டுத் தர்றோம்” என்று சொன்னால், எந்தச் சுற்றறிக்கை, எந்தத் தேதி என்று கேளுங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஆறு மாத அவகாசம் கிடைத்தாலும் அது இனாம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 48 லட்சம் பாக்கி, 8 சதவீத வட்டி என்றால் ஆறு மாதத்தில் அசலோடு ஏறும் வட்டி ஏறக்குறைய 1,95,000 ரூபாய். அதற்கும் இனிமேல் வட்டி. கூடவே சிபில் அறிக்கையில் ‘மறுசீரமைக்கப்பட்டது’ என்ற குறிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மூன்று மாதத்தில் வேலை கிடைத்துவிடும் என்று நம்ப நியாயம் உள்ளவர், நகையை வைத்தோ வைப்பு நிதியை எடுத்தோ தவணையை ஓட்டிவிடுவது மலிவு. ஒரு வருடம் ஆகும் போலிருக்கிறது என்றால் மறுசீரமைப்பைக் கேட்பதே சரி.

இதெல்லாம் தெரிந்த பிறகும் பலர் காசு கொடுக்கிறார்கள். படித்தவர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள், எக்ஸெலில் வட்டிக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். ஏன் என்று யோசித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த 35,000இல் பெரும்பங்கு, வங்கி வாசலில் நாமே போய் நிற்க வேண்டியதில்லை என்ற நிம்மதிக்கான விலை. கடன் கொடுக்கும்போது வங்கி குடியிருப்புக்கே வந்து பந்தல் போட்டது, காபி கொடுத்தது, ‘உங்க ப்ரொஃபைலுக்கு இன்னும் பத்து லட்சம்கூடத் தரலாம் சார்’ என்றது. அதே இடத்துக்குப் போய் ‘கட்ட முடியவில்லை’ என்று சொல்ல நாக்கு எழாது. ஊரில் அப்பாவுக்கு வேலை போனதே தெரியாது. மாமனார் வீட்டுக்கும் சொல்லவில்லை. சில வீடுகளில் மனைவிக்கே மூன்றாவது மாதம்தான் தெரியும். இந்த வெட்கம்தான் தரகரின் முதலீடு. அதனால்தான் அவர் முதலில் சொல்லும் வாக்கியம், “இனிமே பேங்க்லேர்ந்து போன் வந்தா எடுக்காதீங்க சார், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்பதாக இருக்கிறது. கேட்கிறவருக்கு அப்பாடா என்றிருக்கும்.

வீட்டுக் கடனில் இதைவிட ஆபத்தான ஆலோசனை கிடையாது. தவணை தவறிய முதல் நாளிலிருந்து வங்கி நாள் எண்ணத் தொடங்குகிறது. 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று எச்சரிக்கைப் படிகள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். தாண்டுவதற்கு முன் ஒரு முழுத் தவணை கட்டினாலும், மிகப் பழைய பாக்கி அடைந்து, கணக்கு ஒரு படி பின்னுக்கு வந்துவிடும். தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போயிற்று. நிலுவை மொத்தத்தையும், வட்டியும் அசலுமாகக் கட்டி முடித்தால்தான் கணக்கு மறுபடி ஒழுங்கான கணக்கு ஆகும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லிவிட்டது. இரண்டு தவணை நின்றிருக்கும் வீட்டில் அந்த 35,000 ரூபாய்க்கு என்ன மதிப்பு என்று இப்போது பாருங்கள். அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு தவணை. கணக்கை விளிம்பிலிருந்து ஒரு மாதம் பின்னால் இழுத்துவரும் பணம் அது. அதைத்தான் தரகர் கேட்கிறார்.

‘தவணை கட்டுவதை நிறுத்துங்கள், அந்தப் பணத்தை எங்களிடம் போடுங்கள், பிறகு பாதிக்கு செட்டில் பண்ணித் தருகிறோம்’ என்று சொல்லும் கடன் தீர்வுக்காரர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் போன்ற ஈடில்லாக் கடனில் வங்கிக்குப் பிடிமானம் குறைவு, அதனால் சில சமயம் இறங்கிவரும். வீட்டுக் கடனில் உங்கள் மூலப்பத்திரமே அவர்கள் பெட்டியில் இருக்கிறது. பாதிக்கு ஏன் இறங்க வேண்டும்? இப்படிக் குறைந்த தொகைக்குக் கணக்கை முடிக்கும் ஒருமுறைத் தீர்வைக் கடன் வாங்கியவர் உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தார்கள். 2008இல் வீட்டுக் கடன் சந்தை சரிந்தபின், 2009இல் அரசாங்கம் தவணையைக் குறைத்துத் தர ஒரு திட்டம் கொண்டுவந்தது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. வழிகாட்ட அரசு அங்கீகாரம் பெற்ற இலவச ஆலோசகர்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் வீட்டைக் காப்பாற்றித் தருகிறோம் என்ற கம்பெனிகள் முளைத்து, ஆயிரக்கணக்கான டாலர்களை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விட்டன. கடைசியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஒரு விதி போட்டது. கடன் கொடுத்தவரிடமிருந்து எழுத்தில் ஒரு சலுகையைப் பெற்றுத் தந்து, அதை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ளும்வரை ஒரு காசுகூட வாங்கக் கூடாது. முன்பணத் தடை 2011 ஜனவரி இறுதியில் அமலுக்கு வந்தது. அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது: கடன் கொடுத்தவரிடம் பேச வேண்டாம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லக் கூடாது. பாருங்கள், கடல் தாண்டியும் அதே வாக்கியம். அந்த விதியை நாம் நம் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை.

சரி, வங்கிக்குப் போவது எப்படி? முதலில் ஒரு பக்கக் கடிதம். தமிழிலேயே எழுதலாம். கடன் கணக்கு எண், என்ன நடந்தது, எந்தத் தேதியில், இப்போது மாத வருமானம் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதத்துக்கு, அதன்பின் என்ன எதிர்பார்க்கிறீர்கள். ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று எழுதாதீர்கள். தொகையைப் போடுங்கள். ‘அடுத்த ஒன்பது மாதத்துக்கு 20,000 கட்ட முடியும்’ என்ற வரிக்கு அதிகாரி ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். வேலை நீக்கக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு ஆகியவற்றை இணைத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய வங்கிகளில் வீட்டுக் கடன் கோப்பு கிளையில் இருக்காது, தனி மையத்தில் இருக்கும். ‘இங்கே இல்லை, அங்கே போங்க’ என்பார்கள், அலைச்சல்தான். அங்கும் ஒரு பிரதி கொடுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முடிந்தால் கணவன் மனைவி இருவருமாகப் போங்கள். கூட்டுக் கடன் என்பதால் இருவர் கையெழுத்தும் எப்படியும் வேண்டும்; தனியாகப் போய்த் தலைகுனிந்து உட்காருவதைவிட அது தெம்பாகவும் இருக்கும்.

முப்பது நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வீட்டுவசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் போக வேண்டும். ஒரு நுணுக்கம்: ‘எனக்கு மறுசீரமைப்பு தரவில்லை’ என்பது வங்கியின் வணிக முடிவு என்று புகாரைத் தள்ளிவிடுவார்கள். ‘என் கடிதத்துக்குப் பதிலே இல்லை’, ‘வட்டி மாறியபோது என்னைக் கேட்கவில்லை’, ‘அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருக்கிறார்கள்’ என்று எழுதினால் எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் சொன்னது 2024இலிருந்தே கூடாது. வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்வதும் கூடாது.

இப்போது காசு கொடுக்க வேண்டிய கட்டம். வாராக்கடன் ஆனபிறகு, 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி நோட்டீஸ் அனுப்பும். 60 நாள் கெடு. அந்த நோட்டீஸ் வந்த அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். கூலி கொடுத்துப் பாருங்கள். அந்த 60 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தால் 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்வது வங்கியின் கடமை. கெடு முடிந்தால் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கை தொடங்கும். அதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் அவகாசம். சென்னையிலேயே தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. நோட்டீசில் தொகை தப்பா, நாள்கணக்கு சரியா, ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்தார்களா என்று பார்ப்பதெல்லாம் படித்த தொழில்காரர் செய்ய வேண்டிய வேலை. ‘லோன் கன்சல்டன்ட்’ அங்கே உங்களுக்காக வாதாட முடியாது. வழக்கறிஞரிடம் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு என்று முன்னமே பேசி ரசீது வாங்குங்கள். ‘ஜெயித்தால் இத்தனை சதவீதம்’ என்று வழக்கறிஞர் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வருமானக் கணக்கை ஒழுங்காகக் காட்ட ஆடிட்டருக்குக் கொடுப்பதும் வீண்செலவு அல்ல. அது மறுசீரமைப்புக் கடிதத்தோடேயே பயன்படும்.

வழக்கறிஞருக்கும் வழியில்லை என்றால் செங்கல்பட்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஓஎம்ஆர் வீடுகளில் மனைவியும் கடன்தாரர் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. கடன் ஆவணத்தில் கையெழுத்துப் போட்ட அம்மணி நேரே போய்க் கேட்கலாம்.

வெட்கத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. சுவாதீன நோட்டீசைக் கதவில் ஒட்டுவதோடு விடமாட்டார்கள். இரண்டு முன்னணி நாளிதழ்களில், அதில் ஒன்று அந்த வட்டார மொழியில், பெயர் முகவரியோடு விளம்பரம் செய்ய வேண்டும் என்பது விதி. மேலாளர் ஒருவருக்குத் தெரியக் கூடாது என்று ஒளிந்த செய்தி, தமிழ்ப் பத்திரிகையில் வந்து நாவலூரே படிக்கும்.

தரகர் எதைக் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை. ஓடிபி. வீட்டின் மேல் பவர் பத்திரம் அல்லது ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு’ கிரய ஒப்பந்தம். மேலாளர் நம்ம ஆள் என்ற பேச்சு: அது உண்மையென்றால் நீங்கள் கொடுப்பது லஞ்சம், பொய்யென்றால் மோசடி.

கடைசியாக, கேட்கக் கசக்கும் ஒன்று. ஒரு வருமானம் போய், இன்னொன்றில் தவணை தாங்காது, வேலையும் சீக்கிரம் கிடைக்காது என்று தெளிவாகத் தெரிகிற வீடுகளில், மறுசீரமைப்பும் வேண்டாம், வழக்கும் வேண்டாம், விற்றுவிடுவதே புத்தி. கணக்கு ஒழுங்காக இருக்கும்போதே, வங்கியிடம் சொல்லிவிட்டு, வாங்குகிறவர் பணத்தில் கடனை அடைத்து, மீதியை எடுத்துக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போகலாம். மாறும் வட்டிக் கடனை முன்னதாக அடைக்கத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது. கடன் முழுதாக அடைந்த 30 நாளில் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் விதி. ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகிற வீட்டை நாமே விற்றால் கௌரவமான விலை கிடைக்கும். ஏல அறிவிப்பு பத்திரிகையில் வந்துவிட்டால், கடனைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமையும் அதோடு முடிகிறது. 2016 திருத்தத்துக்குப் பின் சட்டம் அப்படித்தான். ஆகவே விற்பதென்றால் அதற்கு வெகுமுன்னால்.

வாசகிக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறோம். வங்கிக்குக் கடிதம் கொடுத்துத் தவணையை மாற்றி வாங்கியவர்கள், கேட்டு மறுக்கப்பட்டவர்கள், தரகருக்குக் கொடுத்தவர்கள் யாராக இருந்தாலும் எங்களுக்கு எழுதுங்கள். எந்த மாதம் கேட்டீர்கள், எத்தனை நாளில் பதில் வந்தது, என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்ற விவரங்கள்தான் அடுத்தவருக்கு உதவும். பெயர், முகவரி, வங்கியின் பெயர் எதையும் வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்